திரிசூலத்தில் ஓர் இரவு: ஏற்காட்டிலிருந்து விமானம் ஏறப் போகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் எட்டு வீடுகள். அதில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். அதனால் "ஏர்போர்ட் பக்கத்தில் கம்மி வாடகையில் எங்கே தங்கலாம்?" என்ற கேள்வி, மிளகு விலை விசாரிப்பது மாதிரி அடிக்கடி காதில் விழும். சேலம் காமலாபுரத்திலேயே விமான நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் விட்டார்கள்; நடுவில் நின்றுபோய் 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. ஆனால் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போக வேண்டுமானால் சென்னை, திருச்சி, கோவை, பெங்களூரு என்று ஏதாவது ஓர் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நான் அதிகம் போனது சென்னை மீனம்பாக்கம். திரிசூலம், பல்லாவரம் பக்கத்து லாட்ஜுகளில் நான்கு முறை தங்கி, பணத்தையும் தூக்கத்தையும் கொடுத்துக் கற்றுக்கொண்டவை கீழே. நட்சத்திர ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு இது தேவைப்படாது.

1. டிக்கெட் வந்ததும் தேதியை இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் நன்றாக மாட்டிவிடும். மகனிடம் முதல் முறை போனபோது டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00.40 என்று இருந்தது. என் வீட்டுக்காரர் 15ஆம் தேதிக்கு லாட்ஜில் அறை சொல்லி, சேலத்துக்கு இறங்க வண்டியும் பேசி முடித்துவிட்டார். 13ஆம் தேதி சாயங்காலம் மகன் போன் செய்து, "அப்பா, நாளைக்கு ராத்திரி ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போறீங்க?" என்று கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 15 பிறந்து 40 நிமிடத்தில் விமானம் போய்விடும். அப்படியென்றால் 14ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கே அங்கே நிற்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். தினசரிக் காலண்டரில், மலை இறங்க வேண்டிய நாளின் தாளில் சிவப்பு மையால் "இறங்கணும்" என்று எழுதிவிடுவோம். அதற்கு முந்தைய தாளைக் கிழிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும்.

2. விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்னால், உள்நாடு என்றால் இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேருவது நல்லது. காலை 6 மணிக்கு வெளிநாட்டு விமானம் என்றால் விடியற்காலை 3 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ராத்திரி அறை கட்டாயம். நள்ளிரவு விமானத்துக்கு ராத்திரி அறை எதற்கு? பகலில் குளிக்கவும் காலை நீட்டவும் ஓர் இடம் போதும். "ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் மட்டும் அறை கிடைக்குமா, அதற்கு என்ன வாடகை?" என்று கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்தை நம்பி லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. நாங்கள் கேட்ட இடத்தில் முழு வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சொன்னார்கள்.

3. லாட்ஜுக்கு லாட்ஜ் "ஒரு நாள்" வேறு. சில இடங்களில் நீங்கள் சாவி வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம். சில இடங்களில் நீங்கள் எப்போது வந்தாலும் அடுத்து வரும் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். விடியற்காலை 5 மணிக்குப் போய் இறங்கினால், இரண்டாவது ரக லாட்ஜில் அன்று பகல் 12 வரைக்கும் ஒரு நாள், 12க்கு மேல் இன்னொரு நாள் என்று இரண்டு வாடகை போட்டுவிடுவார்கள். போனில் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். விமான நிலையத்துப் பக்கத்து அறையில் நாம் கொடுக்கிற காசு கட்டிலுக்கும் டிவிக்கும் இல்லை, மணிக்கணக்குக்குத்தான்.

4. பெயருக்காக ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறாதீர்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கி ஓடும் வண்டி என்பதில் எல்லோருக்கும் ஒரு பெருமை, எனக்கும் உண்டு. ஈரோட்டில் கிளம்பி, ராத்திரி சேலத்தில் நம்மை ஏற்றிக்கொண்டு, ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக விடியுமுன் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு நகரம் முழுக்கக் கடக்க வேண்டும். மெட்ரோ ஓட ஆரம்பிக்கவே 5 மணி ஆகும். அதைவிட, சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ராத்திரி ரயில் எவ்வளவோ மேல். அது தாம்பரத்தில் நிற்கும். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்தால் சானட்டோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவது திரிசூலம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் விமான நிலையம். பெட்டி கனமாக இருந்தால் சுரங்கப்பாதைப் படிகளை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களுக்கு கோவை-சென்னை வந்தே பாரத் சரியாக இருக்கும். காலை எட்டு மணி சுமாருக்குச் சேலத்தில் ஏறினால் நண்பகலுக்குச் சற்று முன் சென்ட்ரல். 12 மணி கணக்கு வைத்திருக்கும் லாட்ஜுக்கு இந்த நேரம் கச்சிதம். பஸ்ஸில் போகிறவர்கள் கோயம்பேடு வரை போகும் பழைய கணக்கை மறந்துவிடுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் சேலம் பஸ்கள் நிற்கின்றன. நமக்கு அது லாபம். விமான நிலையத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறோம். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பஸ் கிடைக்கும்.

5. சென்ட்ரலில்தான் இறங்குகிறீர்கள் என்றால், ரயில்வே ஓய்வறையை ஒரு முறை யோசியுங்கள். உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்திலேயே பதிவு செய்யலாம். சுத்தமும் பாதுகாப்பும் மோசமில்லை, வாடகையும் குறைவு. ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து நீல வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தால் கடைசி ஸ்டேஷன் விமான நிலையம்; மாறி ஏறும் வேலை இல்லை, 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ராத்திரி 11 மணி வாக்கில் மெட்ரோ நின்றுவிடும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

6. மலையைக் கணக்கில் எடுக்காமல் எந்தத் திட்டமும் போடாதீர்கள். சேலத்துக்கு 30 கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். நமக்குத் தெரியும், 20 கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றால் என்ன ஆகும் என்று. மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரம் மிளகுக் கொடியோடு சாய்ந்து ரோட்டை மறித்துக் கிடக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மே மாதம் கோடை விழா நாட்களில் வேறு மாதிரித் தொல்லை. ஒண்டிக்கடையைத் தாண்டவே பொழுது போய்விடும். ஆகவே ராத்திரி ரயிலானாலும் வெளிச்சம் இருக்கும்போதே, மூடுபனி இறங்குவதற்குள் மலை இறங்கிவிடுங்கள். சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெரிய வழி அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது என்பதை வண்டி ஓட்டுகிறவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

7. வளைவில் வாந்தி எடுக்கிறவர்கள் அன்றைக்கு இட்லியோடு நிறுத்திக்கொள்ளட்டும். முன் சீட், திறந்த ஜன்னல், மோந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். விமானம் இறங்கும்போதும் இதே வைத்தியம்தான்.

8. "ஏர்போர்ட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்" என்று செல்போன் செயலி காட்டுவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அது காக்கை பறக்கும் தூரம். சென்னை விமான நிலையத்தின் வாசல் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் இருக்கிறது. பொழிச்சலூர், பம்மல், கவுல் பஜார் எல்லாம் ஓடுபாதைக்குப் பின்புறம். அங்கே மொட்டை மாடியில் நின்றால் விமானத்தின் வயிறு தெரியும். ஆனால் வாசலுக்கு வர பல்லாவரம் சுற்றித்தான் வர வேண்டும். அந்தப் பக்கம் கொளப்பாக்கம், மணப்பாக்கம் என்றால் அடையாற்றையும் தாண்டிச் சுற்ற வேண்டும். நான் மூன்றாவது முறை இப்படித்தான் ஏமாந்தேன். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து, ஆட்டோவுக்கு நானூறு கொடுத்தேன். பழவந்தாங்கல், நங்கநல்லூர் பக்கம் தங்கினால் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். மழை நாளில் அங்குள்ள சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். பதிவு செய்வதற்கு முன் லாட்ஜுக்கே போன் போட்டு, "திரிசூலம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தால் எத்தனை நிமிஷம்?" என்று கேளுங்கள். நடக்க முடியாது என்றால் தூரம்.

9. பிக்கப் உண்டு என்று பலகையில் எழுதியிருப்பார்கள். இலவசமா, ராத்திரி இரண்டு மணிக்கும் உண்டா, பெட்டிக்குத் தனிக் காசா என்ற மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டத்துச் சவாரி என்றால் ஆட்டோக்காரர்கள் நடு ராத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கிலோமீட்டருக்காக வரிசையை விட்டு வந்தால் அவர்கள் பிழைப்பு என்னாவது?

10. வழியனுப்ப ஊரே கிளம்ப வேண்டாம். நம் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் வேன் நிறைய ஆள் போவது வழக்கம். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாம். மூன்று பேருக்கு மேல் ஓர் அறையில் விட மாட்டார்கள். கூடுதல் படுக்கைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகும். விமான நிலையத்துக்குள் டிக்கெட் இருப்பவர் மட்டும்தான் போக முடியும். மற்றவர்கள் வாசலில் நின்று கையை ஆட்டுவதற்கு ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும். அழுகிற அழுகையைச் சேலம் ஜங்ஷனிலேயே அழுது முடித்துவிடலாம். பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் துணைக்கு ஓர் ஆள் போதும்.

11. ஆதாரின் அசலும் ஒரு நகலும் கையில் இருக்கட்டும். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜுக்கு அதைக் கொடுப்பது நல்லது. நகலின் மேல் "தங்குவதற்காக மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரன் பேத்தி கூட வருகிறார்களா? அப்படியானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை லாட்ஜ் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சின்ன லாட்ஜுகள் பல அந்த வேலையே வேண்டாம் என்று வாசலிலேயே கையை விரித்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு லாட்ஜ் தேடும் கொடுமை யாருக்கும் வேண்டாம்.

12. சொன்ன வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்.

13. அறைக்குள் நுழைந்ததும் கட்டிலில் பெட்டியை வைக்காதீர்கள். முதலில் மெத்தையின் தலைமாட்டு மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத் தூளைத் தூவினது மாதிரி கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. பேசாமல் வேறு அறை கேளுங்கள். பிறகு வரிசையாக: கதவுத் தாழ்ப்பாள் விழுகிறதா, பாத்ரூமில் தண்ணீர் வடிகிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா. நாம் பழக்கதோஷத்தில் கீசரைத்தான் முதலில் போட்டுப் பார்ப்போம். சென்னையில் பத்து மாதம் அது வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது ஏசி குளிர்கிறதா, கொசு வரும் ஓட்டை இருக்கிறதா என்பதை. வீட்டிலிருந்து பழைய போர்வை ஒன்று, தலையணை உறை ஒன்று, தாழ்ப்பாள் சரியில்லாவிட்டால் கதவுக்கு அடியில் செருக ஒரு மரத்துண்டு. இந்த மூன்றும் கைப்பையில் இடத்தையே அடைக்காது.

14. சத்தம். காலையில் குருவியும் ராத்திரி சில்வண்டும் கேட்டுத் தூங்கிப் பழகியவர்களுக்கு முதல் ராத்திரி தூக்கம் வராது. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை லாரி, தலைக்கு மேலே விமானம். ரோட்டைப் பார்க்காத பின்பக்க அறை கேளுங்கள். லிஃப்ட்டுக்கு ஒட்டின அறை வேண்டாம். மேல்மாடி அறை வெயிலில் காய்ந்து ராத்திரியும் அனலடிக்கும், நடு மாடி உத்தமம். மழைக்காலத்தில் மட்டும் தரைத்தளத்தைத் தவிருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, விமான நிலையத்தையே பல நாள் மூட வேண்டி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர். காதில் எண்ணெய் தொட்ட பஞ்சு வைத்துக்கொண்டால் லாரி சத்தம் பாதியாகும்.

15. கட்டுச்சோறு. இதில் மலைக்காரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது ஏமாந்திருப்பார்கள். நம் வீட்டில் உறை ஊற்றினால் தயிர் தோய ராத்திரி முழுக்க ஆகும். குளிர் நாளில் அரிசிப் பானைக்குள் வைத்தால்தான் உறையும். அந்த நினைப்பில் தயிர் விட்டுப் பிசைந்த சாதத்தைக் கட்டிக்கொண்டு போனால், மீனம்பாக்கத்தில் மூடியைத் திறக்கும்போதே புளித்து நுரைத்திருக்கும். என் மாமியார் கற்றுக்கொடுத்தது இது: சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறின பாலில் தளரப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். மலை இறங்கி, ரயில் ஏறி, லாட்ஜ் போய்ச் சேரும் நேரத்துக்கு அது பதமான தயிர்சாதமாக இருக்கும். நீண்ட பயணம் என்றால் புளியோதரை. ஊறுகாயை அன்றைக்கே தின்று தீர்த்துவிடுங்கள். ஏனென்று அடுத்த குறிப்பில்.

16. பெட்டியை வீட்டிலேயே எடை போடுங்கள். காபிப் பழம் எடை போடுகிற தொங்கு தராசு எந்த எஸ்டேட்டிலும் இருக்கும். கொக்கியில் பெட்டியின் கைப்பிடியை மாட்டினால் முடிந்தது. அனுமதித்ததைவிட ஒரு கிலோ குறைவாக வையுங்கள். விமான நிலையத்துத் தராசு நம் தராசோடு ஒத்துப்போகும் என்று கட்டாயம் இல்லை. காபித்தூள், மிளகு, பட்டை இவற்றைக் கடையில் ஒட்டின பாக்கெட்டாக, பில்லோடு பெரிய பெட்டியில் வையுங்கள். ஊறுகாய், நெய், தேன் கைப்பையில் கூடாது. திரவம் என்ற கணக்கில் 100 மில்லிக்கு மேல் பிடுங்கி வைத்துவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய் எதிலும் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் அது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. ஆரஞ்சுக் கன்று, ரோஜாப் பதியன், ஒரு பிடி நம் ஊர் மண் என்று ஆசைப்படாதீர்கள். அந்த ஊர்ச் சுங்கத்தில் நிற்க வைத்துவிடுவார்கள்.

17. ராத்திரி கிளம்ப வேண்டுமானால் படுக்கப் போகும் முன்பே கணக்கை முடித்து ரசீது வாங்கிவிடுங்கள். ஒரு முறை விடியற்காலை இரண்டரைக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு கீழே வந்தால் ஷட்டர் மூடிக் கிடக்கிறது. வரவேற்பு மேஜைக்கு அடியில் பாய் விரித்து ஒரு பையன் தூங்குகிறான். பத்தொன்பது வயசு இருக்கும். எழுப்பினால், சாவி மானேஜரிடம் என்கிறான். மானேஜர் எங்கே? மொட்டை மாடியில். அவர் இறங்கி வந்து, பூட்டைத் திறந்து, நான் கொடுத்த முன்பணத்தில் மீதிக்குச் சில்லறை தேடி... அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் எனக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. "ரெண்டரைக்குக் கிளம்பணும் தம்பி, ஷட்டரை யார் திறப்பாங்க?" என்று சாயங்காலமே கேட்டு, திறக்கப் போகிறவரின் முகத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பி விடுகிறோம் என்று அவர்கள் சொன்னாலும் இரண்டு செல்போனில் அலாரம். ஒன்று கைக்கெட்டாத மேஜையில்.

18. ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். திரிசூலத்தில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். விமானத்துக்குள் உட்கார்ந்த அரை மணியில் தேடுவீர்கள்.

19. திரும்பி வரும்போது ராத்திரியோடு ராத்திரியாக மலை ஏறப் பார்க்காதீர்கள். விமானத்தில் தூக்கமில்லை, ரயிலில் பாதித் தூக்கம், அடிவாரத்தில் டிரைவருக்கும் கொட்டாவி. இந்த நிலையில் 20 வளைவு எதற்கு? சேலத்தில் தங்கி, விடிந்து ஏறுங்கள். அறை எடுப்பதென்றால் புதுப் பஸ் நிலையத்தைச் சுற்றி எடுங்கள். ஜங்ஷன் பக்கம் எடுத்தால் காலையில் ஏற்காடு பஸ்ஸுக்கு மறுபடி ஒரு பஸ் பிடிக்க வேண்டும்.

20. லாட்ஜில் தங்கிவிட்டு வந்த பெட்டியை நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள், மூட்டைப்பூச்சி கூடவே வந்திருக்கலாம். துணியெல்லாம் கொதிநீரில் போகட்டும். காலிப் பெட்டியைத் திறந்து, ஜிப்புகளை விரித்து, நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். மார்கழியில் நமக்கு வெயிலே கண்ணில் படாது என்பவர்கள், பக்கத்து எஸ்டேட்டில் காபிக் கொட்டை காயப்போடும் சிமெண்ட் களத்தில் ஓர் ஓரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மலையில் அதைவிடச் சூடான இடம் கிடையாது. கொட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மேஸ்திரி சண்டைக்கு வருவார்.